ஆபீசில் ஒரே இந்தியர் நீங்கள், இனச் சமத்துவப் பயிற்சியும் உங்கள் தலையிலா?

கோலாலம்பூரில் ஒரு பொது இயக்கத்தில் மூன்று வருடமாக வேலை செய்யும் தங்கச்சி ஒருவர் கேட்டிருந்தார். ஏழைக் குடும்பங்களுக்கு உணவுக்கூடை, பிள்ளைகளுக்குப் பள்ளிச் செலவு என்று உதவும் இயக்கம், மொத்தம் 22 ஊழியர்கள். வெளிநாட்டு அறநிதி ஒன்று பணம் கொடுத்திருக்கிறது, கூடவே ஊழியர்களுக்கு இனச் சமத்துவப் பயிற்சி நடத்த வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் வைத்திருக்கிறது. இயக்குநர் இவரைக் கூப்பிட்டு "இதற்கு நீதான் சரியான ஆள்" என்று சொல்லிவிட்டார். ஆபீசில் இருக்கும் ஒரே இந்தியர் இவர். எந்தப் பாடத்திட்டத்தை எடுப்பது, எத்தனை நாள் நடத்துவது, வம்பில் மாட்டிக்கொள்ளாமல் எப்படிச் செய்வது, இவைதான் கேள்வி.

நான் பினாங்கில் இருக்கிறேன். பதினான்கு வருடமாக இதே வேலை, முதலில் ஒரு இயக்கத்தின் ஊழியராக, பிறகு தனியாக. ஜார்ஜ்டவுன், பிறை, சுங்கைப் பட்டாணி, அவ்வப்போது கோலாலம்பூர். உங்கள் மூன்று கேள்விக்கும் பதில் வரும், ஆனால் நீங்கள் கேட்ட வரிசையில் வராது. பாடத்திட்டம் தேடுவதை இன்றைக்கே நிறுத்துங்கள், அது கடைசி வேலை. அறைக்குள் என்ன பேசினோம் என்பதை ஆறு மாதத்தில் எல்லாரும் மறந்துவிடுவார்கள். உதவி கேட்டு வருகிறவருக்குச் சரி என்றோ இல்லை என்றோ சொல்கிற ஃபாரம், ஒரு போன் அழைப்பு, வேலைக்கு ஆள் எடுக்கிற அந்த அரைமணி நேரக் கூட்டம், இவற்றில் ஏதாவது மாறியதா என்பதைத்தான் நான் பார்ப்பேன். மற்றதெல்லாம் அதற்கு வழி.

முதலில் இயக்குநர் சொன்ன அந்த வாக்கியம். "நீதான் சரியான ஆள்" என்றால் என்ன அர்த்தம்? பயிற்சி நடத்தி உங்களுக்குப் பழக்கம் என்பதாலா, நிறத்தாலா? கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், ஆனால் ஒரே இந்தியர் தனியாக முன்னால் நின்று நடத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் முதல் தடவை நானும் அப்படித்தான் நின்றேன். நான் சொன்ன ஒவ்வொன்றும் "பாவம், அவளுக்கு ஏதோ நடந்திருக்கிறது" என்று கேட்கப்பட்டது. மத்தியானச் சாப்பாட்டின்போது சீன அக்கா ஒருவர் அன்பாக வந்து தோளைத் தட்டிக் கொடுத்தார். அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது, இது பயிற்சியாகப் போய்ச் சேரவில்லை, என் சொந்தக் குறையாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று.

அதனால் ஒப்புக்கொள்வதற்கு முன்னால் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், ஒரு பக்க ஈமெயில் போதும். கூட நடத்த இன்னொருவர் வேண்டும், அவர் மலாய்க்காரராக, உங்களைவிட மூத்த பதவியில் இருப்பவராக இருக்க வேண்டும், கடைசி வரை உங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். உங்கள் வழக்கமான வேலையில் ஒரு பகுதியை வேறு யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் இதைச் சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து செய்வீர்கள். மூன்றாவதுதான் உயிர்: உதவி விண்ணப்பக் கோப்புகளையும் ஆள் எடுத்த கோப்புகளையும் பார்க்க அனுமதி. இந்த மூன்றாவதுக்கு மட்டும் "அது எதற்கு?" என்று பதில் வந்தால், தங்கச்சி, அவர்களுக்கு நிதியாளருக்கு அனுப்பப் படம் வேண்டும், பயிற்சி வேண்டாம். முடியாது என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, நான் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன், வேலை போகவில்லை.

அடுத்தது சொல். நிதியாளரின் ஆவணத்தில் இருக்கும் "ரேஷியல் ஈக்குவிட்டி" அமெரிக்காவில் பிறந்த சொல், அங்கே அதற்குப் பின்னால் அடிமை முறையும் அதற்குப் பிறகு வந்த நூறாண்டுச் சட்டங்களும் இருக்கின்றன. அதை அப்படியே மலாய்க்கு மாற்றி "ஈக்குவிட்டி காவும்" என்று பேனர் அடித்து மாட்டினீர்கள் என்றால் தீர்ந்தது கதை. நம் நாட்டில் ஈக்குவிட்டி என்றால் கம்பெனிப் பங்கு. 1971-இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை பூமிபுத்ராக்களின் (மலாய்க்காரர்கள், பூர்வீகக் குடிகள்) பங்குடைமையை 1990-க்குள் 30 விழுக்காட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று இலக்கு வைத்த நாளிலிருந்து அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமே கிடையாது. நீங்கள் உணவுக்கூடை பற்றிப் பேச வந்திருப்பீர்கள், அறையில் பாதிப் பேர் இவள் 30 விழுக்காட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறாள் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

நான் "அடில்", அதாவது நியாயம் என்ற மலாய்ச் சொல்லைத்தான் பிடித்துக்கொள்கிறேன். ஒரு பொருளை அதற்கு உரிய இடத்தில் வைப்பதுதான் அடில், எல்லாருக்கும் ஒரே அளவு கொடுப்பது அடில் ஆகாது என்று சமயப் பாடத்திலேயே மலாய் ஊழியர்கள் படித்து வந்திருக்கிறார்கள். நாம் சொல்ல வந்ததும் அதுதானே, சொல்லப்போனால் அவர்கள் நம்மைவிடத் தெளிவாகச் சொல்வார்கள். தமிழில் நமக்கு இன்னும் நல்ல சொல் இருக்கிறது, பந்தி வஞ்சனை. ஒரே பந்தியில் உட்கார வைத்து ஒருவருக்கு நெய்யும் அடுத்தவருக்கு மோரும் ஊற்றுவது. எங்கள் பாட்டி யாரையும் திட்டும்போது சொல்லும் மிகப் பெரிய குற்றச்சாட்டு அது. தமிழ் ஊழியர்கள் அதிகம் இருக்கும் இடத்தில் இந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும், விளக்கமே தேவைப்படாது. வேலிக்கு மேல் பந்தாட்டம் பார்க்கும் மூன்று பிள்ளைகள் என்று இணையத்தில் கிடைக்கும் படங்களை எல்லாம் விட்டுவிடுங்கள்.

வம்பு பற்றிக் கேட்டீர்கள். பயப்பட வேண்டிய அளவுக்குப் பயந்தால் போதும். கூட்டரசு அரசியலமைப்பின் 153-ஆவது பிரிவு மலாய்க்காரர்கள், சபா சரவாக் பூர்வீகக் குடிகள் ஆகியோரின் சிறப்பு நிலையைப் பற்றியது. 1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பிறகு தேச நிந்தனைச் சட்டத்தைத் திருத்தி அந்தப் பிரிவையும் குடியுரிமை, தேசிய மொழி போன்றவற்றையும் கேள்வி கேட்பதையே குற்றமாக்கினார்கள், அமல்படுத்தும் முறையைப் பற்றிப் பேசலாம் என்று ஒரு சின்ன வாசல் இருக்கிறது. உங்கள் பயிற்சி அந்த வாசல் பக்கமே போக வேண்டியதில்லை. நாட்டின் கொள்கையை விசாரிக்கிற நீதிமன்றம் நீங்கள் இல்லை, உங்கள் ஆபீசின் 22 பேர் என்ன செய்கிறார்கள் என்பது மட்டுமே உங்கள் பாடம். அறையில் யாராவது கோட்டா, மெட்ரிகுலேஷன் இட ஒதுக்கீடு என்று ஆரம்பித்தால் (ஆரம்பிப்பார்கள், பெரும்பாலும் நம் ஆட்கள்தான்) "அதை மாமாக் டீக்கடையில் பேசலாம், இங்கே நம் ஃபாரத்தைப் பார்ப்போம்" என்று சொல்லித் திருப்பிவிடுங்கள். 2018-இல் இனப்பாகுபாட்டுக்கு எதிரான ஐ.நா. ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் போவதாகப் பேச்சு வந்து, அரசாங்கம் நவம்பரில் பின்வாங்கி, அப்படியும் டிசம்பர் 8-இல் கோலாலம்பூரில் பெரிய பேரணி நடந்தது நினைவிருக்கும். அந்த வருடம் எனக்கு உறுதியாகியிருந்த இரண்டு பயிற்சிகளைக் காரணம் சொல்லாமல் தள்ளி வைத்தார்கள். பயிற்சியின் பெயரில் "இனம்" என்ற சொல் இல்லாமலே நடத்தலாம் என்று அப்போதுதான் கற்றுக்கொண்டேன். "நியாயமான சேவை" என்று போட்டேன், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே பேசியது அதேதான்.

இன்னொரு பக்கம், சட்டத்தைத் துணைக்குக் கூப்பிடலாமா என்றால், கொஞ்சம்தான் கூப்பிட முடியும். அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவு சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பால் ஆகியவற்றை மட்டும் காரணமாக்கிப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது, ஆனால் அது அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்தாது என்று விமானப் பணிப்பெண் ஒருவரின் வழக்கில் 2005-இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தில் 69எஃப் என்று ஒரு பிரிவு இருக்கிறது. வேலையிடத்துப் பாகுபாடு பற்றி ஊழியருக்கும் முதலாளிக்கும் தகராறு வந்தால் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவு போடலாம், உத்தரவை மதிக்காவிட்டால் 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம். பாகுபாடு என்றால் என்ன என்று அந்தச் சட்டம் விளக்கவில்லை என்பது வேறு கதை. இருந்தாலும் உங்கள் நிர்வாகக் குழுவிடம் இந்தப் பிரிவைக் காட்டுங்கள், முதுகு கொஞ்சம் நிமிரும்.

சரி, எத்தனை நாள்? ஒரு நாள் பயிற்சியில் எனக்கு நம்பிக்கை இல்லை, இது என் பிடிவாதம் மட்டும் இல்லை. ஃபிராங்க் டாபின், அலெக்ஸாண்ட்ரா காலெவ் என்ற சமூகவியலாளர்கள் அமெரிக்கத் தனியார் நிறுவனங்களை வருடக் கணக்கில் ஆராய்ந்தவர்கள். 2006-இல் எரின் கெல்லியோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் 708 நிறுவனங்களைப் பார்த்தார்கள். மேலாளர்களின் மனத்தை மாற்றும் பயிற்சிகள் மிகக் குறைந்த பலனே தந்தன, "இதற்கு நீ பொறுப்பு, நீ பதில் சொல்ல வேண்டும்" என்று ஒருவரையோ ஒரு குழுவையோ நியமித்த இடங்களில்தான் நல்ல மாற்றம். 2016-இல் அவர்கள் எழுதியது இன்னும் மோசம்: மேலாளர்களுக்குப் பயிற்சியைக் கட்டாயமாக்கி ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால், மேலாளர் பதவியில் கருப்பினப் பெண்களின் பங்கு சராசரியாக 9 விழுக்காடு குறைந்திருந்தது. கட்டாயப்படுத்தினால் முறுக்கிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். ஸ்டார்பக்ஸ் 2018 மே 29-ஆம் தேதி அமெரிக்காவில் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட கடைகளை ஒரு மத்தியானம் மூடிப் பயிற்சி கொடுத்ததை உலகமே பார்த்தது. பிலடெல்பியாவில் வாங்காமல் உட்கார்ந்திருந்த இரண்டு கருப்பின ஆண்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனதற்கு அது பதில். அதே நேரத்தில் வாங்காதவர்களும் உட்காரலாம் என்று கடை விதியையும் மாற்றினார்கள், எனக்கு அந்த நாலு மணி நேரப் பயிற்சியைவிட அந்த ஒரு வரி விதிதான் பெரிதாகத் தெரிந்தது.

அதனால் என் கணக்கு இப்படி. மூன்று மணி நேரச் சந்திப்பு நான்கு, மூன்று வாரத்துக்கு ஒன்று. நடுவில் இருக்கிற வாரங்களில் கோப்பு வேலை. ரமலான் மாதத்து மத்தியானமும், வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரமும், தைப்பூசம், சீனப் புத்தாண்டு வாரங்களும் வேண்டாம். சாப்பாடு ஹலால், சைவம் இரண்டும் முதலிலேயே உறுதி செய்துவிடுங்கள், நியாயம் பற்றிய பயிற்சியில் சைவக்காரருக்கு வெறும் சோறும் சம்பாலும் மிஞ்சிய கதையை நான் பார்த்திருக்கிறேன், அன்றைய பேச்சு அத்தோடு போயிற்று.

கோப்பு வேலை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேனே, அது என்ன என்று ஒன்றைக் கிட்டத்தில் காட்டுகிறேன். பிறை பக்கம் ஓர் உதவி இயக்கம், பெயர் வேண்டாம். முந்தைய வருடம் நிராகரித்த விண்ணப்பங்களை ஒரு நீள மேசையில் பரப்பி வைத்து, இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து படித்தோம். யாரையும் எதுவும் குற்றம் சொல்லவில்லை, படிக்க மட்டும் சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்துக் கணக்குப் பிரிவு மலாய்த் தம்பி ஒருவர் இரண்டு கோப்புகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டும் ஒரே பெண்ணுடையவை. நம் பெயர்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, சொந்தப் பெயர், நடுவில் அனாக் பெரெம்புவான் (மகள்) என்பதன் சுருக்கமான ஏ/பி, பிறகு அப்பா பெயர். அவர்களுடைய கணினி ஃபாரத்தில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். ஒரு தடவை அப்பா பெயர் குடும்பப் பெயர் ஆகிவிட்டது, இன்னொரு தடவை ஏ/பி-யே குடும்பப் பெயர் ஆகிவிட்டது. ஒரு கோப்பில் சம்பளச் சீட்டு இருந்தது, மற்றதில் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் இருந்தது. இரண்டிலும் "டோக்குமேன் தாக் லெங்காப்" என்று சிவப்பு முத்திரை, ஆவணம் போதாதாம். அந்த அம்மா கேட்டதெல்லாம் கொடுத்திருக்கிறார். அவருக்குப் போன கடிதம் அவருடைய செத்துப்போன அப்பா பெயரில், முன்னால் "புவான்" (திருமதி) என்று போட்டுப் போயிருந்தது.

அந்தத் தம்பி கோப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மற்ற பெட்டிகளையும் திறந்து ஏ/எல் (மகன்), ஏ/பி உள்ள எல்லாவற்றையும் தனியாக எடுக்க ஆரம்பித்தார். நான் சொல்லவில்லை, அவராகவே செய்தார். மத்தியானத்துக்குள் இன்னும் சில இரட்டைக் கோப்புகள் கிடைத்தன. அந்த ஆபீசில் யாரும் இந்தியர்களை வெறுக்கவில்லை. வெறுப்பே இல்லாமல் பந்தி வஞ்சனை நடக்கும் என்பதை நான் வாயால் சொல்லியிருந்தால் ஒரு நாள் முழுக்க வாதம் நடந்திருக்கும்.

அதே மேசையில் வேறு விஷயங்களும் வந்தன. "பங்சா" (இனம்) என்ற கட்டத்தில் மலாய், சீனர், இந்தியர், "லாயின்-லாயின்" (மற்றவை) என்று நான்கே பெட்டி. பினாங்கில் இந்திய முஸ்லிம் குடும்பங்கள் எதில் டிக் போடும்? சிலர் இந்தியர் என்று போட்டிருந்தார்கள், சிலர் மலாய் என்று, அண்ணன் ஒன்று தம்பி ஒன்று. பூர்வக்குடி மக்களும் சயாம் வம்சாவளியினரும் சபா, சரவாக்கிலிருந்து வந்தவர்களும் "மற்றவை"க்குள் ஒன்றாகக் கிடந்தார்கள். உணவுக்கூடையில் மாட்டிறைச்சிக் கறி டின் இருந்திருக்கிறது, இந்து வீடுகளுக்கும் அதேதான் போயிருக்கிறது, எல்லாருக்கும் சாமா ராத்தா, ஒரே மாதிரி. வாங்கியவர்கள் ஒன்றும் சொல்லாமல் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார்கள், இலவசமாக வாங்கும்போது குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? அந்த இயக்கம் டின்னை மாற்றியது, பெயர்க் கட்டத்தை "அடையாளக் கார்டில் உள்ளபடி முழுப் பெயர்" என்று ஒன்றாக்கியது, நிராகரிப்புக் காரணத்தை ஒரு வரி எழுத வேண்டும், இரண்டாவது ஆள் கையெழுத்துப் போட வேண்டும் என்று வைத்தது. என் பயிற்சியில் எனக்குப் பெருமையான விஷயம் எது என்று கேட்டால் அந்தப் பெயர்க் கட்டத்தைத்தான் சொல்வேன், சிரிக்காதீர்கள்.

இனி அறைக்குள் என்ன செய்வது. என்ன செய்யக் கூடாது என்பதை முதலில் சொல்கிறேன். எல்லாரையும் ஒரே கோட்டில் நிற்க வைத்து, "அப்பா அம்மா பல்கலைக்கழகம் போயிருந்தால் ஓரடி முன்னே, வீட்டில் சாப்பாடு இல்லாத நாள் இருந்திருந்தால் ஓரடி பின்னே" என்று சொல்லி நடக்க வைக்கும் பயிற்சி ஒன்று உண்டு, அமெரிக்காவிலிருந்து வந்தது, இணையத்தில் தேடினால் முதலில் அதுதான் கிடைக்கும். கோலாலம்பூரில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் வெளியிலிருந்து வந்த பயிற்றுநர் அதை நடத்தினார், நான் உதவியாள். கடைசியில் முன்வரிசையில் மேலாளர்கள், பின்னால் சுவரில் முதுகு முட்ட ஒரே ஒரு பெண், பேராக் பக்கத்துப் பூர்வக்குடிக் கிராமத்திலிருந்து வந்த கள உதவியாளர், இருபத்திரண்டு வயது இருக்கும். "இப்போது எல்லாரும் திரும்பிப் பாருங்கள்" என்றார் பயிற்றுநர். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் சட்டை நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டே தரையைப் பார்த்தாள். முன்னால் நின்ற இரண்டு பேருக்குக் கண்ணில் தண்ணீர், அவர்களுக்கு அது நல்ல அனுபவம். அவள் சாப்பாட்டுக்குப் பிறகு திரும்பி வரவில்லை. யாருக்கு நியாயம் வேண்டும் என்று கூடினோமோ அவளையே மற்றவர்களுக்குப் பாடப்புத்தகமாக ஆக்கினோம். அன்றைக்கு நானும் அங்கே நின்றுகொண்டுதான் இருந்தேன், வாய் திறக்கவில்லை.

நான் செய்வது வாடகை விளம்பரம். ஊழியர்களே அவரவர் போனில் தேடி எடுக்கட்டும், அவர்கள் ஆபீஸ் இருக்கும் ஏரியாவிலேயே. "சீனர்களுக்கு மட்டும்", "இந்தியர் வேண்டாம்", "மலாய், முஸ்லிம் மட்டும்" என்று விதவிதமாக வரும், பத்து நிமிடத்தில் பலகை நிறைந்துவிடும். வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். இதில் எல்லாருக்கும் ஒரு கதை இருக்கும், மலாய்ப் பெண்ணுக்கும் இருக்கும், போனில் பெயர் சொன்னதும் "அறை போய்விட்டது" என்று வைத்தவர்களைப் பற்றி. பிறகு ஆளுக்கொரு வெள்ளைத் துண்டு கொடுத்து, பெயர் எழுதாமல், "உங்களிடம் வாடகைக்கு விட ஓர் அறை இருந்தால் யாருக்குக் கொடுக்கத் தயங்குவீர்கள்?" என்று எழுதச் சொல்லுங்கள். துண்டுகளைக் கலக்கி நீங்கள் படியுங்கள். சத்தம் நின்றுவிடும். வங்காளதேசத் தொழிலாளி, மியன்மார்க்காரர், ஆப்பிரிக்க மாணவர் என்று வரும், எல்லாக் கையெழுத்திலும் வரும். வேலை பற்றிப் பேச வேண்டும் என்றால் லீ ஹுவாக் ஆன், முகமது அப்துல் காலித் இருவரும் செய்த ஆய்வு இருக்கிறது. பொறியியல், கணக்கியல் வேலைகளுக்குக் கற்பனைப் பட்டதாரிகளின் விண்ணப்பங்களைத் தனியார் கம்பெனிகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள், சீனப் பெயர்களுக்கு வந்த நேர்முக அழைப்புகள் மலாய்ப் பெயர்களுக்கு வந்ததைவிடப் பல மடங்கு அதிகம். மலாய்ச் சக ஊழியர்களிடம் இதைச் சொல்லுங்கள். "நீ எங்களுக்கு எதிராகப் பேச வந்தவள்" என்ற நினைப்பு அந்த இடத்தில் தளரும். தந்திரம் என்று நினைக்காதீர்கள், அவர்களுக்கும் நடக்கிறது என்பது உண்மைதானே.

நம் பக்கத்துக் குப்பையை மறைத்துவிட்டு இந்த வேலையைச் செய்ய முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். நாம் தமிழில் பேசும்போது கவனித்துப் பாருங்கள், நம் ஆள் என்றால் "அவர்", மற்றவர் என்றால் "சீனன் கடை", "மலாய்க்காரன்", சீக்கியர் அத்தனை பேரும் "வங்காளி", கட்டடத்தில் வேலை செய்யும் பையன் "பங்களா". விகுதியிலேயே மரியாதை போய்விடுகிறது, நமக்கே தெரியாது. கல்யாணப் பேச்சில் ஜாதி வரும், நிறம் வரும், அதைப் பற்றிக் கேட்டால் "அது வேற" என்போம். நம்மை இழிவாகக் "கெலிங்" என்று சொன்னால் ரத்தம் கொதிக்கும், நியாயம்தான். அதே பினாங்கில் 1801-இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் தொடங்கிய பள்ளிவாசலுக்குக் கப்பித்தான் கெலிங் என்றுதான் பெயர், அந்தத் தெருவுக்கும் அதே பெயர், அதன் வாசலில் நின்றுகொண்டு யாரும் கோபப்படுவதில்லை. அதனால் தடை செய்த சொற்கள் என்று பட்டியல் ஒட்டுவது எனக்குப் பிடிக்காது. யார், யாரிடம், எந்தக் குரலில் சொன்னார்கள் என்று கேட்க வைத்தால் போதும். நான் முதல் சந்திப்பில் என் சொந்த வாயிலிருந்து வந்த ஒரு தப்பைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். பெரிய தப்பாக இருக்க வேண்டாம், உண்மையாக இருக்க வேண்டும்.

குழு பிரிப்பதில் ஒன்று. அமெரிக்கப் பாடத்திட்டங்களில் இனவாரியாகத் தனித்தனிக் குழு வைக்கச் சொல்வார்கள், அங்கே அதற்குக் காரணம் இருக்கலாம். இங்கே கட்சி தனி, பள்ளி தனி, பத்திரிகை தனி, இன்னும் ஒரு தனி அறை எதற்கு? வேலைவாரியாகப் பிரியுங்கள். டிரைவர், சமையல் அக்கா, கள ஊழியர் ஒரு பக்கம், அதிகாரிகள் ஒரு பக்கம், ஏனென்றால் முதலாளி உட்கார்ந்திருக்கும் அறையில் டிரைவர் "எல்லாம் ஓகே" என்றுதான் சொல்வார். பேச்சு மொழி மலாய் இருக்கட்டும், ஆங்கிலத்தில் நடத்தினால் நன்றாக ஆங்கிலம் பேசும் நான்கு பேரின் கூட்டமாகிவிடும். பொங்கலுக்கு எல்லாரும் வேட்டி கட்டி, ஹரி ராயாப் பெருநாளுக்கு பாஜு மெலாயு போட்டுப் படம் எடுத்து அதைப் பயிற்சி அறிக்கையில் சேர்க்கலாமா என்று உங்கள் இயக்குநர் கேட்பார். படம் எடுக்கட்டும், அறிக்கையில் வேண்டாம்.

அறையில் எது வெடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஆனால் ஒன்று நிச்சயம் வரும். ஒரு மலாய் ஊழியர் "காமி புன் மிஸ்கின்", எங்கள் கம்பத்திலும் (கிராமத்திலும்) ஏழைகள்தான் என்பார். வாதம் செய்யாதீர்கள். ஆமாம், உண்மை என்று சொல்லுங்கள், அவருடைய கம்பத்து விண்ணப்பம் நம் ஆபீசில் எப்படிப் போகிறது என்று சேர்ந்து பார்க்கலாம் என்று கோப்புக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள். போன்கள் கூடைக்குள், ஒலிப்பதிவு கிடையாது, வாட்ஸ்அப்பில் போடக் கூடாது. ஆனால் "இங்கே பேசுவது இங்கேயே இருக்கும்" என்று முழு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். யாராவது எழுந்து மேலாளரின் பெயரைச் சொல்லிப் புகார் செய்தால் அதை நீங்கள் மேலே கொண்டுபோக வேண்டியிருக்கும், அதை முதல் நாளே சொல்லுங்கள். அந்த மேலாளர் அதே அறையில் இருந்தால் பத்து நிமிடம் இடைவேளை விட்டு, புகார் செய்தவரோடு வெளியே போய் நில்லுங்கள். எனக்கு இது ஒரு தடவைதான் நடந்தது, கை நடுங்கியது.

உங்கள் சொந்தக் கதையைப் பாடமாக வைக்காதீர்கள். கேட்பார்கள், "நீ அனுபவித்ததைச் சொல்லேன்" என்று மிக அன்பாகக் கேட்பார்கள். ஒன்று சொல்லலாம், சின்னதாக. அதற்கு மேல் என்றால் ராத்திரி தூக்கம் வராது, மறுநாள் அவர்களோடுதான் தே தாரேக் குடிக்க வேண்டும். சந்திப்பு முடிந்ததும் யாராவது வந்து "நீ மற்ற இந்தியர்கள் மாதிரி இல்லை" என்று பாராட்டுவார்கள். அன்றைக்கு மாலை போன் பண்ண ஒரு தோழியை இப்போதே பிடித்து வையுங்கள்.

அளப்பது பற்றி நிதியாளர் கேட்பார். பயிற்சி முடிந்ததும் கொடுக்கும் அந்தச் சிரித்த முகம், அழுத முகம் ஃபாரத்தை அனுப்பினால் அவர்கள் திருப்தியாகிவிடுவார்கள், நீங்கள் ஆகாதீர்கள். 22 பேர் உள்ள இடத்தில் விழுக்காடு போட்டுக் காட்டுவதும் வேடிக்கைதான், ஒரு ஆள் விலகினால் எல்லாம் தலைகீழ். நான் ஆறாவது மாதம் திரும்பிப் போய் மறுபடியும் அதே நீள மேசையில் அதே மாதிரி கோப்புகளைப் பரப்பச் சொல்வேன். எத்தனை நிராகரிப்பு, என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள், யார் கையெழுத்து, தமிழில் பேசும் ஆள் போன் எடுத்தாரா, கடைசியாக எடுத்த ஊழியருக்கு யாரெல்லாம் விண்ணப்பித்தார்கள், நேர்முகத்துக்கு யாரைக் கூப்பிட்டார்கள். இதை யார் பார்ப்பார் என்று ஒரு பெயர் எழுதியிருக்க வேண்டும், அந்தப் பெயர் உங்களுடையதாக இருக்கக் கூடாது, நிர்வாகக் குழுவில் ஒருவருடையதாக இருக்க வேண்டும்.

வெளியாள் யாரையாவது கூப்பிட வேண்டும் என்றால் உள்ளூரிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். புசாட் கோமாஸ் என்ற மனித உரிமை இயக்கம் பல வருடமாக மலேசிய இனப்பாகுபாட்டு அறிக்கை வெளியிட்டு வருகிறது, அதை முதலில் படியுங்கள், நாடு முழுக்க நடந்த சம்பவங்கள் அதில் இருக்கின்றன, வாடகை உட்பட. வெளிநாட்டிலிருந்து ஆள் வரவழைக்க வேண்டாம், அந்தக் காசுக்கு உங்கள் ஃபாரத்தைத் தமிழிலும் மாண்டரினிலும் மொழிபெயர்த்துவிடலாம்.

இப்போதைக்கு இது போதும். திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனதும் பாடத்திட்டம், பேனர் எதையும் தொடாதீர்கள். போன வருடம் நிராகரித்த விண்ணப்பங்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன, சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். கொடுத்தால் ஒரு இருபது கோப்பை எடுத்துப் பெயர்க் கட்டத்தை முதலில் பாருங்கள். கொடுக்காவிட்டால் யார், என்ன சொல்லி மறுத்தார்கள் என்று தேதியோடு எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் எனக்கு எழுதுங்கள்.